இல்லை என்று எழுதித் தாருங்கள்

மழையில் நனைந்த ஹெல்மெட்டின் வாடை... ஏடிஎம் அறையின் ஏர்கோன் குளிர்... முதுகில் ஒட்டிக்கொண்ட சட்டை.

கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருந்த அந்த ஏடிஎம்மில், ஒரே வாரத்தில் ஒன்பது தடவையாவது கார்டைப் போட்டிருப்பேன். வரவேண்டிய பணம் வரவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண்மணி, "மெஷின் கெட்டுப் போச்சா தம்பி?" என்று கேட்டார். "ஆமா ஆன்டி" என்று சொல்லிவிட்டு நழுவினேன். நான் சொன்னது பொய் என்று அடுத்த நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கும்!

எனக்கு வேலை போயிருந்த காலம் அது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். ஒருநாள் மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கக் காப்புறுதியில் சில மாதம் உதவித்தொகை கிடைக்கும் என்றார்கள். எழுதிப் போட்டேன். முதல் மாதம் வந்தது. இரண்டாவது மாதம் நின்றுவிட்டது.

வீட்டில் என் மனைவி கலா ஏழு மாதக் கர்ப்பம். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், சீன அங்கிள். "வாடகைக்கு மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன் லா, அதுக்கு மேல எனக்கும் கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். காலி செய்தால் கலா காஜாங்கில் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே இரண்டு அறையில் ஏழு பேர். நான் எவனாவது கூட்டாளி ரூமில் ஒதுங்க வேண்டும். குழந்தை பிறக்கும்போது நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்... எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை அப்போது.

காப்புறுதி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு மலாய் அக்கா. பொறுமையானவர். மாதாமாதம் வேலை தேடியதற்கு ஆதாரம் காட்டினால்தான் பணம் வரும், நான் எதுவும் காட்டவில்லை என்றார்.

தேடாமலா இருந்தேன்? பிரிக்பீல்ட்ஸில் பூஜைச் சாமான் கடை, கிள்ளானில் மளிகைக் கடை, ஒரு லோரி கம்பெனி, மஸ்ஜித் இந்தியாவில் ஜவுளிக் கடை என்று நேரில் போய், "ஏதாச்சும் வேலை இருக்கா பாஸ்?" என்று கேட்டுத்தான் தேடினேன். நம் ஆட்கள் வேலை தேடும் முறை அதுதானே. வாயால் கேட்டதற்கு எங்கே இருக்கிறது பேப்பர்?

"கடையில எழுதி, சாப் அடிச்சு வாங்கிட்டு வாங்க" என்றார் அந்த அக்கா.

நாலு இடத்துக்கும் மறுபடி ஓடினேன். நாலு பேரும் முகம் கோணாமல் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வெற்றி வீரனைப் போல் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ச்சிக்," என்று மரியாதையாகவே அழைத்தார். "நாலு கடையும் அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்கு. நீங்க ஏன் போகல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் கடைக்காரர்கள் வாயில் 'இல்லை' வராது. உப்பு தீர்ந்துபோனாலும் 'நாளைக்கு வரும்' என்பார்கள். கடையில் உட்கார்ந்து 'இல்லை' சொன்னால் வியாபாரம் விளங்காது என்று பயம். அதே பழக்கத்தில் எனக்கும் 'அடுத்த மாதம் வரவும்' என்று எழுதித் தந்திருக்கிறார்கள். படித்துப் பார்த்த எனக்கும் அது தப்பாகவே தெரியவில்லை!

இதை அந்த அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது? திக்கித் திணறிச் சொன்னேன். சிரித்தார். "ஒரு கடையாச்சும் காலியிடம் இல்லன்னு தெளிவா எழுதட்டும், நான் உங்க மனுவ மேல அனுப்புறேன்" என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் பூஜைச் சாமான் கடை அக்கா அடிக்கவே வந்துவிட்டார். "வெள்ளிக்கிழமை அதுவுமா, சாமி படத்துக்கு முன்னால இல்லன்னு எழுதச் சொல்றியா?" மளிகைக் கடையிலும் லோரி கம்பெனியிலும் அதே கதைதான். வீட்டுக்கு வந்தால் கலா தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "சும்மா எடுத்து வைக்கிறேங்க" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மஸ்ஜித் இந்தியா ஜவுளிக் கடை பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலாவின் ஏழு மாதம் உட்பட. பாய் பேனாவை எடுத்தார், வைத்தார். தே தாரிக் வரவழைத்து என்னைக் குடிக்கச் சொன்னார். கல்லாவை விட்டு எழுந்து, பின்னால் துணிக்கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். மலாயில் இரண்டே சொல் எழுதிக்கொண்டு வந்தார்... காலியிடம் இல்லை.

சாப் அடித்து நீட்டும்போது அவர் கை நடுங்கியது.

"தம்பி, உன் முகத்தைப் பாத்துக்கிட்டே இப்படி எழுதினது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. தப்பா எடுத்துக்காதே."

அடுத்த வாரம் பணம் ஏறிவிட்டது. கலா பையைப் பிரித்தாள். எங்கள் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த பிளாட்டுக்குத்தான் தூக்கி வந்தோம். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

நான் சுங்கை பூலோவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். ஆள் எடுப்பதும் என் வேலைதான். இப்போது எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. மனு வரும், பெயர் வரும், முகம் வராது. போன வாரம் முப்பது பேருக்கு 'மன்னிக்கவும், காலியிடம் இல்லை' என்று ஒரே பட்டனில் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பாதிச் சாப்பாட்டில்தான் பாய் ஞாபகம் வந்தது. எனக்குக் கை நடுங்கவே இல்லை.