கொண்டைக்கு இடம் விட்ட ஹெல்மெட்

ஸ்கூட்டியிலிருந்து விழுந்த பத்தொன்பதாம் நாள் காலை, என் மனைவி சகுந்தலா ஒற்றைச் செருப்போடு வேலைக்குக் கிளம்பினாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். அப்படியே தெருமுனை வரை போய்விட்டாள். நான் பின்னால் ஓடி இன்னொரு செருப்பைக் காட்டியபோது, "போட்டுகினுதானே கீறேன்" என்றாள். குனிந்து பார்த்த பிறகும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

அதற்கு முந்தின வாரம் முழுக்கத் தலைவலி இருந்தது. இரண்டு நாள் காலையில் வாந்தி. வெயில் என்றேன், பித்தம் என்றேன். ஒரு நாள் துணி காயப்போடும்போது இடது கையிலிருந்து கிளிப் நழுவிக்கொண்டே இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தலையில் அடிபட்டு, எழுந்து நடந்து வந்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவரைப் பார்த்துக்கொள்பவருக்காக இதை எழுதுகிறேன். மருத்துவரிடம் நான் சொல்லாமல் விட்டதை நீங்களாவது சொல்லிவிட வேண்டும்.

நான் ஹெல்மெட் விற்பவன். பூஞ்சேரி கூட்டு ரோட்டுக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் நான்கு கம்பு நட்டு, கயிறு கட்டி, ஹெல்மெட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கூவி விற்க எனக்கு வராது. முன்பின் தெரியாதவர் கண்ணைப் பார்த்துப் பேசவும் வராது. பக்கத்துக் கடைக்காரர் கை தட்டிக் கூப்பிடுவார். நான் துணியால் துடைத்துக்கொண்டு நிற்பேன். வருகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த வளைவில் போலீஸ் நிற்கிறது என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள். தலைக்கு எது நல்லது என்று கேட்க மாட்டார்கள். இறுக்குகிறது என்பார்கள். அவ்வளவுதான்.

அந்த இறுக்கத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு. நோண்டிக் கொடுப்பது. ஹெல்மெட்டின் உள்துணியைப் பிரித்தால் கெட்டியான தெர்மாகோல் இருக்கும். இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு உடைந்த துண்டின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, அந்தத் தெர்மாகோலைத் தேவையான இடத்தில் சுரண்டி எடுத்துவிட்டு, துணியைத் திரும்ப ஒட்டிவிடுவோம். பெரிய தலைக்குப் பக்கவாட்டில், பூ வைத்த பெண்களுக்குப் பின்பக்கம், கொண்டைக்கு இன்னும் ஆழமாக. இதை நான் நன்றாகச் செய்வேன். வாயால் முடியாததைக் கையால் செய்தேன். கல்பாக்கத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

நல்ல சரக்கு எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சென்னையில் நான் சரக்கு எடுக்கும் மொத்தக் கடையில் வெளிநாட்டுக்குப் போகும் ஹெல்மெட்டுகள் தனி அறையில் இருக்கும். ஒருமுறை முதலாளி அதில் ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே மஞ்சள் நிறத்தில் மெல்லிய ஏடு ஒன்று இருந்தது. விரலால் தள்ளினால் இப்படியும் அப்படியும் வழுக்கியது. அடிபடும்போது தலை திருகாமல் இருக்க அது விட்டுக்கொடுக்குமாம். இன்னொன்று, ஆள் விழுந்தால் தானே வீட்டுக்குப் போன் போடுமாம். இதெல்லாம் நமக்கு வராதா என்று கேட்டேன். "அதெல்லாம் வெள்ளக்காரன் மண்டைக்கு. நம்மாளு மண்டைக்கு ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரு போதும், அண்ணாத்த" என்றார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சகுந்தலா கடற்கரை ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். ஸ்கூட்டியில் போய் வருவாள். அவளுக்கு நீளமான முடி. வேலைக்கு இறுக்கக் கொண்டை போட வேண்டும். ஹெல்மெட் கொண்டையை அழுத்துகிறது என்று பல நாளாகச் சொன்னாள். நான் தள்ளிப்போட்டேன். "ஊருக்கே நோண்டிக் குடுக்குற. கட்னவளுக்கு மட்டும் கை வராதா உனக்கு?" என்றாள். மறுநாள் கடையில் உட்கார்ந்து வேறு யாருக்கும் செய்யாத பொறுமையோடு சுரண்டினேன். பின்பக்கத்தில் வெளி ஓடும் உள்துணியும்தான் மிஞ்சின. போட்டுப் பார்த்துவிட்டு, இருக்கிறதே தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டாள்.

ஒரு மாதம் கழித்து, ஓட்டலுக்குப் போகும் வழியில் நாய் குறுக்கே ஓடியது. வண்டி சறுக்கி மல்லாந்து விழுந்தாள். பின்தலை நடுத்திட்டுக் கல்லில் மோதியது. ஹெல்மெட் கழலவில்லை. ரத்தம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மர நிழலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் ஹெல்மெட்தான் காப்பாற்றியது என்றார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

பக்கத்திலிருந்த கிளினிக்கில் மருத்துவர் தலையில் அடிபட்டதா என்று அவளைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். "ஹெல்மெட் போட்டுகினு இருந்தா சார்." வாழ்க்கையில் நான் முந்திக்கொண்டு பேசிய சில பேச்சுகளில் அது ஒன்று. அவர் முழங்கை சிராய்ப்புக்கு மருந்து போட்டார். தலைவலியோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் அந்த ஹெல்மெட்டைக் கடையின் முன்கம்பில் மாட்டினேன். பின்பக்கக் கீறல் சாலையைப் பார்த்தபடி இருந்தது. கேட்டவர்களிடம், என் வீட்டுக்காரியைக் காப்பாற்றியது என்றேன். கூச்சப்படாமல் சொல்ல வந்த ஒரே வியாபாரப் பேச்சு அது. நன்றாகவே விற்றது. அந்த நாட்களில்தான் அவள் மண்டைக்குள் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது.

ஒற்றைச் செருப்போடு அவளைப் பார்த்த காலையில், ஷேர் ஆட்டோ ஓட்டும் என் மச்சான் ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவன் அக்காவை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்கு ஓட்டினான். அங்கே சி.டி. ஸ்கேன் (மண்டைக்குள் இருப்பதை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுத்தார்கள். சப்ட்யூரல் ஹெமடோமா (மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவில் தேங்கும் ரத்தம்) என்றார்கள். படத்தில் வலது பக்கம் பிறை போல ஒரு பட்டை. அது மூளையை இடப்பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தது. வலது மூளை அழுந்தினால் இடது கையும் காலும் தளரும் என்று விளக்கினார்கள்.

அன்று மாலையே பர் ஹோல் (மண்டை ஓட்டில் இடும் சிறு துளை) இரண்டு இட்டு ரத்தத்தை வெளியேற்றினார்கள். நீளமான முடி முழுவதையும் மழித்திருந்தார்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை என் தோளைத் தட்டி, "ஹெல்மெட்டு மட்டும் இல்லன்னா அக்கா அங்கயே போயிருக்கும், மாமா" என்றான். அப்போது அவனிடம் சொல்லியிருக்கலாம். பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டேன்.

இரண்டாம் நாள் அறுவை செய்த மருத்துவர் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் மேசைக்குப் பின்னால் ஓர் அலமாரித் தட்டு முழுக்க உடைந்த ஹெல்மெட்டுகள். தலையில் அடிபட்டு வருகிற ஒவ்வொருவரின் ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பாராம். எந்த இடத்தில் எவ்வளவு அடி என்று அதில் தெரியுமாம். எங்களுடையதையும் கொண்டுவரச் சொன்னார்.

கடைக்குப் போனேன். முன்கம்பிலிருந்து அதை இறக்கினேன். அன்றுதான் உள்ளே பார்த்தேன். துணியை விலக்கியதும் என் பிளேடு ஓடிய தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. நான் சுரண்டியிருந்த இடத்துக்கு நேராக ஓட்டில் விரிசல். அதே நிறத்தில் புதியது ஒன்றை எடுத்துப் பையில் வைத்தேன். பழையதை அதன் அடியில் வைத்தேன். மருத்துவர் முன்னால் புதியதை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. விலைச்சீட்டைக்கூட நான் பிய்க்கவில்லை. திட்டுவார் என்று நின்றேன். "பையில இன்னொண்ணு இருக்கு போல. அதக் குடுங்க" என்றார்.

உள்துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் தொழிலையும் சொன்னேன்.

"தெர்மாகோல் எதுக்கு இருக்குன்னு நெனச்சீங்க? மெத்தைக்கா? நசுங்கறதுக்குங்க. மண்டைக்குப் பதிலா அது நசுங்கணும். நீங்க அத எடுத்துட்டு வெறும் சட்டிய மாட்டி அனுப்பிருக்கீங்க."

பிறகு குரலைத் தணித்து மற்றதையும் சொன்னார். தலை சடாரென்று சொடுக்கித் திருகும்போது மூளைக்கும் உறைக்கும் நடுவிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். தெர்மாகோல் முழுசாக இருந்தாலும் இந்தக் கசிவு வந்திருக்காது என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அன்றே ஸ்கேன் எடுத்து, கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாது என்ற ஒரு பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் சகுந்தலாவிடம் எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

கை தேறியது. முதலில் டம்ளர், பிறகு கரண்டி, பிறகு ரவிக்கை ஊக்கு. கால் இன்னும் லேசாக இழுக்கிறது. வலிப்பு வராமல் இருக்க மாத்திரை உண்டு. வண்டி ஓட்டக்கூடாது. நாளின் எந்தப் பொழுது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் விளக்கேற்றலாமா என்று கேட்பாள். முக்கியமாக, வாசனை போய்விட்டது. அனாஸ்மியா (முகரும் நரம்பு அறுபடுவதால் மூக்குக்கு எதுவும் தெரியாமல் போவது) என்றார்கள். அது திரும்புவது கஷ்டம் என்றும் சொன்னார்கள். அறையைச் சுத்தம் செய்கிறவளுக்கு மூக்கு வேண்டும். ஓட்டலில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் பால் அடுப்பில் தீய்ந்து, நான் வாசலிலிருந்து நாற்றம் பிடித்து ஓடிவந்தேன். அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "ஹெல்மெட்டு போட்டுகினுதானே விழுந்தேன். அப்பறம் இன்னாத்துக்கு எனக்கு இப்பிடி?" என்றாள்.

அவளிடம் சொன்னேன். சுரண்டியது, கிளினிக்கில் மறைத்தது, புதிய ஹெல்மெட்டைக் காட்டியது, எல்லாவற்றையும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ரொம்ப நேரம் கீரையை ஆய்ந்தாள்.

"நான் கேட்டேன், நீ நோண்டுன. அது சரி. டாக்டராண்ட ஏன்யா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கம்" என்றாள். தண்டுகளைக் கூட்டி முறத்தில் அள்ளிய பிறகுதான் கேட்டாள்: "என்னிய மாதிரி எத்தினி பொம்பளைங்களுக்கு நோண்டிக் குடுத்த?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாருடைய பேரும் ஊரும் நான் கேட்டதில்லை. கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த நாள் அவளே என்னைக் கூட்டு ரோட்டுக்கு அனுப்பினாள். போய்ச் சொல்லு என்றாள். நான்கு நாள் நின்றேன். என் கடை ஹெல்மெட்டைக் கண்டால் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, உள்ளே பார்க்க வேண்டும் என்றேன். எனக்கு நாக்கு குழறியது. பலர் நிற்கவே இல்லை. ஒரு பெண் நின்றாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அன்னிக்கு நோண்டுன, இன்னிக்கு புதுசு வாங்குன்ற. நல்லா கீதுயா உன் யாவாரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பின்னந்தலையில் கொண்டை இருந்தது. வண்டி மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் ஹெல்மெட்தான் விற்கிறேன். வேறு தொழில் தெரியாது. நோண்டுவதில்லை. அளவு பெரியதாகக் கொடுக்கிறேன், கொண்டையைத் தாழ்த்திப் போடச் சொல்கிறேன். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே இப்போது ஹாக்ஸா பிளேடு வந்துவிட்டது.

எனக்கு நாட்களின் கணக்கு மாறிவிட்டது. சாலையில் ஒருவர் சறுக்கி விழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனால், பார்த்தவர்களுக்கு அது அத்தோடு முடிந்துவிடுகிறது. நான் அந்த நிமிஷத்திலிருந்து நாள் எண்ணத் தொடங்குகிறேன். மூன்று வாரம் வரை அந்த முகம் தெரியாத ஆளின் காலைகளை நினைத்துக்கொண்டிருப்பேன். தலைவலிக்கிறதா, கைப்பொருள் நழுவுகிறதா, வீட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று.

சகுந்தலா கடையில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறாள். முடி கழுத்து வரை வளர்ந்திருக்கிறது. கொண்டைக்கு இடம் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தலை குனிந்து, வலது பக்கத்து முடியை ஒதுக்கிக் காட்டுவாள். ஓட்டில் துளை இட்ட இடங்களில் தோல் உள்வாங்கி இரண்டு குழிகள் இருக்கின்றன.

"வெரல வெச்சுப் பாரும்மா" என்பாள்.

சிலர் முகம் சுளித்து நகர்ந்துவிடுவார்கள். சிலர் தயங்கித் தயங்கி விரலை வைப்பார்கள். அவர்கள் விரல் அதில் இறங்கும்போது என் உள்ளங்கை கூசும். யார் யாரோ அந்தக் குழிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். நான் இதுவரை தொட்டதில்லை. அவள் என்னைத் தொடச் சொன்னதும் இல்லை.