வாராவாரம் வரும் மகன்

வேலம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அவள் வாய் அப்படி. பால்காரர் முதல் தபால்காரர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் இல்லை. என்னையும் விட்டதில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்கட்டு அறையில் அவள் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல வேறு யாரும் வரப்போவதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

சொந்த ஊர் முசிறி. புருஷன் வீரமலை வாழைக் குத்தகைக்காரர். ஒரே மகன் ராசப்பன். வீரமலை போன பிறகு மகனுக்குக் கல்யாணம் செய்துவைத்து அவனோடுதான் இருந்தாள். மருமகள் வள்ளிக்கண்ணுவின் வளைகாப்பில், சம்பந்தி வீட்டார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். என்ன வார்த்தை என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். “சொன்னது சொல்லியாச்சு, அதை மறுபடி எதுக்குச் சொல்லணும்” என்பாள். பந்தியிலிருந்து எல்லாரும் எழுந்து போய்விட்டார்களாம். இனி என் வாசலை மிதிக்காதே என்று ராசப்பன் சொல்லிவிட்டான். ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நாலு வீட்டில் சமையல் செய்து சாப்பிட்டாள்.

என் வீட்டுக்காரர் தங்கையன், திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டியில் வேலையில் இருந்தார். ராசப்பன் அதே மண்டிக்குத்தான் வாரம் தவறாமல் லாரியில் வாழைத்தார் கொண்டுவருவான். முசிறியிலிருந்து வருகிறவன் கொள்ளிடம் பாலம் ஏறி, திருவானைக்கோவில் தாண்டி, மாம்பழச்சாலை வழியாகத்தான் போகவேண்டும். அங்கிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். ஒரு நாளும் அந்த லாரி எங்கள் பக்கம் திரும்பியதில்லை.

இப்படி இருக்கும்போது, 1961-ல், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு அமெரிக்காக்காரி வந்து இறங்கினாள். பெயர் மார்த்தா. முப்பத்தைந்து வயதிருக்கும். கோயில்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஸ்ரீரங்கத்தில் ஒரு வாரம் தங்குகிறேன் என்று எங்கள் மாடி அறையை எடுத்தாள். அந்த வாரம் முடியவே இல்லை. வேலம்மாள்தான் சமையல்.

மார்த்தாவுக்கு இங்கே எல்லாமே அதிசயம். பிடிக்காததையும் மறைக்கமாட்டாள். தெருவில் துப்புகிறார்களே, ரயிலில் ஏறுகிறவர் இறங்குகிறவரை இடித்துத் தள்ளுகிறாரே என்று முகம் சுளிப்பாள். சமயபுரம் போய்விட்டு வந்து, தீச்சட்டி ஏந்திய ஒருத்தியின் கையை நினைத்து அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஆனால் கோயில் பிராகாரத்தில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்து அரைநாள் அதையே பேசினாள். தோசை போட்டதற்கு வேலம்மாளிடம் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லுவாள். “சோறு போட்டதுக்கெல்லாம் நன்றி சொன்னா நான் என்ன ஓட்டலா வச்சிருக்கேன்?” என்று வேலம்மாள் ஒரு நாள் பிடித்துக்கொண்டாள். அதோடு அது நின்றது. வருமுன்பே புத்தகம் வைத்துப் படித்திருந்த தமிழும் எங்கள் தமிழும் கலந்து, கொஞ்ச நாளில் நன்றாகவே பேசத் தொடங்கிவிட்டாள்.

அவளுக்கு ஒத்துவராதது ஒன்றுதான். யாரைப் பார்த்தாலும் அதே கேள்வி. பூக்காரி கேட்பாள், பஸ் கண்டக்டர் கேட்பார். அம்மா அப்பா இருக்காங்களா, கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, ஏன் அவங்களை விட்டுட்டு வந்தீங்க. நாம் கேட்காமல் இருப்போமா? மார்த்தா எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அம்மாவும் இறந்துவிட்டார். கேட்டவர்கள் ஐயோ பாவம் என்று நகர்ந்துவிடுவார்கள்.

வேலம்மாளும் முதல் நாளே கேட்டாள், அதே பதில்தான் வந்தது. மார்த்தா திருப்பிக் கேட்டாள்.

“உங்களுக்கு யார் இருக்காங்க, வேலம்மா?”

“எனக்கென்ன குறைச்சல்? சிங்கமாட்டம் மகன் இருக்கான். முசிறியில. வாராவாரம் ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டுத்தான் போவான்.”

நான் மாடிப்படியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பி வேலம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். நான் அடுத்த துணியை எடுத்து உதறினேன்.

அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வரமாட்டேன், மகன் வருவான் என்று சொல்லிவிட்டாள். மார்த்தாவும் அன்றைக்குக் காலையிலேயே ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள். வேலம்மாள் அம்மியில் மசாலா அரைத்து மீன்குழம்பு வைப்பாள். வாசம் வீடு முழுக்க வரும். பிறகு ஒற்றைத் தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். சாயந்திரம் மார்த்தா வந்து, “உங்க மகன் எங்கே?” என்று கேட்டால், “இப்பத்தான் பஸ் ஏறினான், ஒரு எட்டு முந்தி வந்திருக்கக்கூடாது?” என்பாள். மறுநாள் அந்தக் குழம்பே மகனுக்கு வைத்தது என்று மாடிக்குப் போகும். மார்த்தா அதை ருசித்துச் சாப்பிடுவாள். எங்கள் ஊரில் மகன்கள் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவதோடு சரி, இங்கே பெற்றவர்களை யாரும் தனியாக விடுவதில்லை, நான் இந்த நாட்டில் பார்த்ததிலேயே பெரிய விஷயம் இதுதான் என்று என்னிடம் சொன்னாள். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

சித்திரை மாதம் ஒரு நாள் தங்கையன் மண்டியிலிருந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் என்னிடம் சொன்னார்: “அந்த ராசப்பன் பய மண்டியில என்ன சொல்லிவச்சிருக்கான் தெரியுமா? அவன் அம்மா செத்துப்போயி வருஷக்கணக்காச்சுன்னு.”

கூடத்து மூலையில் வேலம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. முறம் நின்றது. பிறகு மறுபடி புடைக்க ஆரம்பித்தது.

“அப்ப எனக்குத் திவசம் எந்த மாசம்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி. அன்னைக்காவது வடை பாயசம் பண்ணிச் சாப்பிடுறேன்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மீன்குழம்பு வைத்தாள்.

ஆடிப்பெருக்கு வந்தது. காவேரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. அம்மா மண்டபம் படித்துறையில் எள் போட்டால் எள் விழாது. நாங்களும் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு மார்த்தாவைக் கூட்டிப் போனோம். வேலம்மாள் கூடுதலாக ஒரு இலை நறுக்கி எடுத்துவந்திருந்தாள்.

“இன்னைக்காவது உங்க மகனைப் பார்ப்பேனா?” என்று மார்த்தா கேட்டாள்.

“லோடு இல்லேன்னா வருவான்.”

படியில் உட்கார்ந்தோம். எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாக ஜனம். பெண்டுகள் ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில், கண் தெரியாத ஒரு கிழவியை மகன் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கி, செம்பால் மொண்டு தலையில் ஊற்றினான். கிழவி குழந்தை மாதிரிச் சிரித்தாள். மார்த்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இலையில் சாதம் காய்ந்தது. அந்தக் கூடுதல் இலையில் யாரும் உட்காரவில்லை.

திடீரென்று மார்த்தா வேலம்மாளின் கையைப் பிடித்தாள்.

“நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். என் அம்மா இறக்கவில்லை. ஓஹையோவில் இருக்காங்க. தனியா இருக்காங்க. ஒரு சண்டை. ஆறு வருஷமா நான் அவங்களோட பேசவில்லை. எல்லாரும் கேக்கறாங்க இல்லையா, இறந்துட்டாங்கன்னு சொல்றது சுலபமா இருந்தது.”

வேலம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவளுடைய கோபத்தை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது வேறு.

“உசுரோட இருக்கறவளைச் செத்துட்டான்னு சொன்னியா? எப்படிடி சொன்னே? நாக்குல எப்படி வந்துச்சு? அவ அங்க அடுப்பை மூட்டி, ஒருத்திக்கு ஆக்கி, அதையும் திங்க முடியாம உக்காந்திருப்பா. வாசல்ல ஒரு சத்தம் கேட்டா நீதானோன்னு எழுந்து பார்ப்பா. நீ இங்க ஊரு பூரா அவளுக்குக் கருமாதி பண்ணிக்கிட்டுத் திரியறே!”

படித்துறையே திரும்பிப் பார்த்தது. வாங்க போங்க என்று பேசியவள் வாடி போடி என்று பேசுகிறாளே என்று மார்த்தா திகைக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் அழுதாள்.

“அவங்கதான் என்னைப் போன்னு சொன்னாங்க, வேலம்மா. ரொம்பக் கெட்ட வார்த்தை சொன்னாங்க.”

“சொல்லியிருப்பா. வாய் இருக்கறவ சொல்லத்தான் செய்வா. சொன்ன நிமிஷத்துலேருந்து அவ படுறது உனக்குத் தெரியுமா? எந்திரி. ஊருக்குப் போ. இன்னைக்கே போ.”

வீட்டுக்கு வரும்போது நான் வேலம்மாளைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். “ஒங்களுக்குன்னு பேச்சுத்துணைக்கு இருக்கறதே அந்தப் பொண்ணு ஒருத்திதானே. அதையும் விரட்டுறீங்களே?”

“தெரிஞ்சுதான் விரட்டுறேன். போடி உன் வேலையைப் பார்த்துக்கிட்டு” என்றாள்.

மார்த்தா அந்த மாதமே கிளம்பினாள். வேலம்மாள் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி போட்டு, வாயைத் துணியால் கட்டி, “உங்கம்மாவுக்கு” என்று கொடுத்தாள். திருச்சி ஜங்ஷனுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். ரயில் நகர்கிறபோது மார்த்தா ஜன்னல் வழியாகக் கத்தினாள்: “உங்க மகனிடம் சொல்லுங்க, அவரை நினைச்சுத்தான் நான் போறேன்னு!” வேலம்மாள் பலமாகத் தலையை ஆட்டினாள். ரயில் போன பிறகு அந்தப் பிளாட்பார பெஞ்சியில் உட்கார்ந்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு அதோடு நின்றுபோனது. யாருக்காக வைப்பது?

இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. மாடிக்கு அப்போது குடிவந்திருந்த ரயில்வே குமாஸ்தா கிளமென்ட் சார் படித்துச் சொன்னார். மார்த்தாவின் அம்மா கதவைத் திறந்து, உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கி நின்றாராம். ஊர் முதலில் பிடிக்கவே இல்லையாம். தெருவில் சத்தமே இல்லை, சாப்பிட்டாயா என்று ஒரு ஜீவன் கேட்பதில்லை, முதல் வாரம் அந்த அமைதியில் தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாள். நார்த்தங்காயை அம்மா ரொட்டியோடு வைத்துச் சாப்பிட்டாராம். போன மாதம் இவள் மடியில் தலைவைத்தபடியே இறந்துபோனாராம். வாராவாரம் வரும் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லச் சொல்லி அம்மா அடிக்கடி கேட்பார், அவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன், அவர் நலமா என்று கடிதம் முடிந்திருந்தது.

கிளமென்ட் சாருக்கு ஒன்றும் தெரியாது. “என்னம்மா பதில் எழுதணும்?” என்றார்.

வேலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அங்க ஒருத்திக்காவது புள்ளை வந்து சேர்ந்துச்சே. என் மகன் நல்லா இருக்கான்னு எழுதுங்க சார். வாரம் தவறாம வரான்னு எழுதுங்க.”

1965 ஐப்பசியில், விடாத மழையில், வேலம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. தங்கையன் நனைந்துகொண்டே மண்டிக்கு ஓடினார். ராசப்பன் அங்கேதான் இருந்தான். லாரியிலிருந்து தார் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வியாபாரிகள்.

“ராசப்பா, அம்மா போயிட்டாங்கப்பா. விடியக்காலையில.”

மண்டிக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “உங்கம்மாவா? அவங்க எப்பவோ தவறிட்டாங்கன்னு சொன்னீங்களே?”

ராசப்பன் தங்கையன் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாரைக் கீழே வைக்கவும் இல்லை.

“ஆள் மாத்திச் சொல்றார்போல. அது வேற யாரோ” என்றான்.

தங்கையன் கொஞ்ச நேரம் மழையில் நின்றாராம். அடித்திருக்கலாம், ஆனால் கை எழவில்லை என்றார். திரும்பி வந்து அவரே கொள்ளி வைத்தார்.

அன்று லாரி திரும்பிப் போகும்போது மாம்பழச்சாலையில் வெகுநேரம் நின்றதாகப் பின்னால் ஒரு கடைக்காரர் சொன்னார். நின்று என்ன? எங்கள் தெருவுக்குள் வரவில்லையே.

பதினாறாம் நாள் முடிந்ததும் நான் கிளமென்ட் சாரை உட்காரவைத்து மார்த்தாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். வேலம்மாள் போய்விட்டாள் என்று எழுதினார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இதற்குள் அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

“மகன் பக்கத்திலேயே இருந்தான்னு எழுதுங்க சார்” என்றேன். “அவன்தான் எல்லாம் செஞ்சான்னு எழுதுங்க.”

அவர் அப்படியே எழுதினார். நான் வாங்கி, பசை தடவி ஒட்டி, நானே போய்த் தபாலில் போட்டேன்.