பொட்டு வைத்த பாலம்

1. என் தவறு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாளே லோடு டெஸ்ட் வைத்தது என் தவறு. எழுபதுகளின் கடைசியில், மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். நான் ஆத்தூர்க்காரி. இந்தப் பக்கத்து வழக்கமெல்லாம் எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது.

எட்டாம் வகுப்புக்கு விசை பாடம். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. "ஆளுக்கொரு பாலம் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டேன். சோளத்தட்டை, தறி நூல், மைதாப் பசை, இவ்வளவுதான் சாமான். முதலில் டிராயிங். அதை நான் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் கத்தியைத் தொடலாம். சதுரமாகக் கட்டியதெல்லாம் கைபட்டதும் சாய்ந்தது. குறுக்கே ஒரு தட்டை கொடுத்து முக்கோணமாக்கியதும் அசையாமல் நின்றது. அன்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் ஓடி வந்தார். திட்டு வாங்கியும் எனக்குச் சந்தோஷம் குறையவில்லை.

லோடு டெஸ்ட் என்றால், இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலத்தை வைத்து, வாளியைத் தொங்கவிட்டு, உடையும்வரை எடைக்கல் போடுவது. டெஸ்ட் அன்று அலமாரியைத் திறந்தால் எல்லாப் பாலத்திலும் சந்தனம், குங்குமம்! பள்ளிப் பூஜையில் புத்தகங்களோடு இவற்றையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"பூசை போட்டதை ஒடைக்கக் கூடாதுங்க டீச்சர்" என்றார்கள். ஒருவரும் கல்லைத் தொடவில்லை.

2. தங்கமணியின் அப்பா

வகுப்பிலேயே சிறந்த பாலம் தங்கமணியுடையது. அவள் அப்பா லாரி டிரைவர். எங்கள் பள்ளியில் எட்டாவது வரைதான்; ஒன்பதாவதுக்கு மல்லசமுத்திரம் போக வேண்டும். "எட்டாவதோட போதுமுங்க. பொட்டப்புள்ளைய வெளியூருக்கு எப்படீங்க அனுப்பறது?" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். மகள் கட்டிய பாலம் எடை தாங்குவதைப் பார்த்தால் மனம் மாறுவார் என்று கணக்குப் போட்டு, நான்தான் அன்று அவரை வரச் சொல்லியிருந்தேன்.

வந்தவர் பொட்டைப் பார்த்ததும் பதறினார். "ஏனுங்க டீச்சர், வண்டிக்குப் பூசை போட்டா அன்னிக்கு ஒரு நட்டுக்கூடக் கழட்ட மாட்டமுங்க. இதைப் போயி ஒடைக்கறதுங்களா?"

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. பாலம் உடையாமலே காரியம் முடிந்துவிடும். "ரெண்டு கிலோ மட்டும் வைத்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்" என்றேன்.

தங்கமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பறம் எதுக்குங்க டீச்சர் கட்டச் சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"இப்ப ஒடைச்சுப் பாத்தாத்தானுங்கப்பா எந்த எடத்துல பலமில்லைன்னு தெரியும். பாக்காம உட்டு, நெசப் பாலத்துல நீங்க லோடோட ஏறுன அன்னிக்கு ஒடைஞ்சா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பாலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கல்லக் குடு சாமி. நானே வெக்கறேன்" என்று மகளிடம் கை நீட்டினார்.

பன்னிரண்டு கிலோ தாங்கும் என்று அவள் நோட்டில் எழுதியிருந்தாள். ஏழாவது கிலோவிலேயே பாலம் வாளியோடு கீழே விழுந்தது. போச்சு, இனி இந்தப் பெண் படித்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் புரட்டினாள். "தட்டை ஒண்ணுகூட ஒடையலீங்கப்பா. முடிச்சுத்தான் நழுவியிருக்குது."

அவரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். லோடு கயிறு கட்டிக் காய்த்துப்போன விரலால் முடிச்சைத் தடவினார். "நூலை நனைச்சுச் சுத்தோணும் சாமி. காஞ்சா இறுகிக்கும்."

அப்பாவும் மகளும் என்னை மறந்தே போனார்கள். அடுத்த பாலத்துக்கு எத்தனை சுற்று என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பெற்றோர் முன்னால் பிள்ளை தோற்றுவிடுமே என்று பயந்து லோடைக் குறைக்காதீர்கள். அன்று நான் குறைக்கத்தான் பார்த்தேன். ஒரு பதின்மூன்று வயதுப் பெண் விடவில்லை.

கிளம்பும்போது அவர் வாசலில் நின்று கேட்டார். "ஒம்பதாவதுல சேக்கோணும்னா மல்லசமுத்திரத்துல யாரைங்க பாக்கோணும்?"

அதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.