டீசல் நிறைந்திருந்த நாள்

விமானங்களுக்குத் திசை சொல்லும் டி.வி.ஓ.ஆர். ஸ்டேஷன் ஒன்றுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்ட மூன்றாவது வாரமே கேலிப்ரேஷன் விமானம் வந்துவிட்டது. எம்.ரெட்டியபட்டிக்கு அப்பால், கரிசல் காட்டின் நடுவே வட்டமான இரும்பு மேடை, அதன் மேல் ஆன்டெனாக்கள், ஒரு ரூம், ஒரு ஜெனரேட்டர். இவ்வளவுதான் ஸ்டேஷன். எங்கள் சிக்னலைப் பிடித்துத்தான் மேலே போகிற விமானி தான் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று பார்ப்பார்.

அந்தச் சிக்னல் சரியா என்று சோதிக்க ஒரு விமானமே வந்து எங்களைச் சுற்றும். பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரிதான், குறை கண்டுபிடிக்கவே வருவார்கள். பாஸ் ஆகாவிட்டால் அது மறுபடி வரும்வரை ஸ்டேஷனை மூடி வைக்க வேண்டும். வந்த மூன்றாவது வாரத்தில் ஸ்டேஷனை மூடியவன் என்று பெயரெடுக்க எனக்குப் பயமாகவே இருந்தது.

அன்று பார்த்து ஏரியாவில் கரண்ட் ஷட்டவுன். பழைய பேட்டரிகளைக் கழற்றி அனுப்பியிருந்தோம், புதுசு வந்தபாடில்லை. ஜெனரேட்டரே கதி. அதைப் பார்த்துக்கொண்டவர் கருப்பையா அண்ணன். நரிக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம்.

"அண்ணே, டீசல் எப்படி இருக்கு?"

"நெறைஞ்சிருக்கு சார்" என்றார். கையில் காலிக் கேன். "சார் சரின்னா ரெட்டியபட்டி வரைக்கும் போயிட்டு வாரேன்."

"விமானம் வர்ற நேரத்துல எங்கண்ணே போறீங்க? இங்கனயே இருங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் ரூமுக்குள் போய்விட்டேன்.

விமானம் முக்கால் வட்டம் முடித்திருந்தது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. கையில் வைத்திருந்த வி.எச்.எஃப். வாக்கி டாக்கியில் விமானியின் குரல்: "ஸ்டேஷன், ஐடென்ட் லாஸ்ட்." ஸ்டேஷனின் பெயரைச் சொல்லும் மோர்ஸ் ஒலி காதில் விழவில்லை என்று அர்த்தம். இருபது நிமிடம் காத்திருப்பதாகவும், அதற்கு மேல் எரிபொருள் தாங்காது, திரும்பிவிடுவதாகவும் சொன்னார்.

வெளியே ஓடினேன். "என்னண்ணே, நெறைஞ்சிருக்குன்னீங்களே!"

"ஆமா சார். வெள்ளிக்கெழமையும் அதுவுமா வேற எப்பிடிச் சொல்ல? அதுக்குத்தான கேனோட நின்னேன்!"

அவர் வீட்டில் அரிசி, உப்பு தீர்ந்தால் 'இல்லை' என்று வாயால் சொல்ல மாட்டார்களாம், நிறைந்திருக்கிறது என்பார்களாம். நானோ அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு. இல்லையென்றால் 'லேது', அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பக்கத்துப் புஞ்சையில் ஒருவர் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தார். இருவரும் கேனோடு ஓடினோம்.

"அண்ணாச்சி, டீசல் இருக்கா?" என்றேன்.

"நெறைஞ்சிருக்கு" என்றார் அவர்.

வேறு டிராக்டர் தெரிகிறதா என்று நான் சுற்றிப் பார்த்தேன். கருப்பையா அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இவுக நெசமாவே நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்றாக!" என்றார்.

டியூப் போட்டு வாயால் உறிஞ்சியது நான்தான். இரண்டு நாளைக்குச் சாப்பாட்டில் டீசல் வாடை. வறண்டு நின்ற எஞ்சினின் டீசல் குழாயில் காற்று புகுந்து 'ஏர்' பிடித்திருந்தது. அண்ணன் ஸ்பேனரை எடுத்து மளமளவென்று ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தார். மெக்கானிக் வந்திருந்தால்கூட அந்த வேகம் வந்திருக்காது. இருபது நிமிடம் முடியுமுன்னே விமானி "ஐடென்ட் ரிசீவ்ட்" என்றார். விட்ட கால் வட்டத்தையும் சுற்றி முடித்தார். பாஸ்.

சாயங்காலம் மேலதிகாரி போனில் வந்தார். டீசல் இருப்பதாக நினைத்துவிட்டோம் என்றேன். "டீசல் இருக்குன்னு சொன்னது யாருய்யா? அந்த ஆள வேலையை விட்டு அனுப்பு."

கருப்பையா அண்ணன் எதிரேதான் நின்றார். முகம் வெளிறிவிட்டது.

"அவர் சரியாத்தான் சார் சொன்னாரு. எனக்குத்தான் புரியலை. குச்சி விட்டு அளந்து பார்க்காதது என் தப்பு" என்றேன். அவருடைய வேலை நிலைத்தது, எனக்கு மெமோ வந்தது. அந்த மெமோவைப் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

வானத்தில் இருக்கும் விமானி, தரையிலிருந்து சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ரீட்பேக் என்போம். அதையே பாடமாகப் படித்து வந்த நான், பத்தடி தள்ளிக் கேனோடு நின்ற மனிதரிடம் "என்னண்ணே சொல்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதிதாக ஒரு ஸ்டேஷனுக்குப் போகிற தம்பி தங்கைகளே, மேனுவலை அப்புறம் படிக்கலாம். அந்த ஊரில் 'இல்லை' என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.