முக்கால் பாட்டில் வெலூதா

இந்தத் தெருவில் நான் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல் என் கைச்சரக்கு கலந்திருக்கும். அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒன்றில் நான் ஒரு சிட்டிகை உப்புகூடச் சேர்க்கவில்லை. மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதிலிருந்து இரண்டு ஐம்பத்தைந்து வரை, பிரேசில் நாட்டுப் பெலேம் நகரத்தில், குவாமா பேட்டையில், என் எதிர்வீட்டு முன்னறையில் நடந்தது. இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

என் பெயர் ஜுரேமா. வீடு வீடாகக் கேட்டலாக் கொண்டுபோய் சென்ட் விற்கிறேன். இருபத்தாறு வருடமாக எனக்குச் சோறு போடுவது என் மூக்குதான். எந்த வீட்டில் யார் குளித்தார்கள், யார் குளிக்காமல் மேலுக்குச் சென்ட் அடித்துக்கொண்டு கிளம்பினார்கள், எவன் சட்டையில் எவள் வாசனை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்டுப் போவதில்லை. அது தானாக என் மூக்குக்கு வந்து சேர்கிறது.

எதிர்வீட்டு லூசிதேயா கல்யாணமான நாளிலிருந்து ஒரே சென்ட்தான் போடுவாள். வெலூதா. மென்மையான கஸ்தூரி வாசனை. துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணியை முகத்தில் போட்டுக்கொண்டதுபோல இருக்கும். கொஞ்சம் பவுடர், கொஞ்சம் பால், அடியில் தூங்கி எழுந்த பெண்ணின் கழுத்துச் சூடு. வேறு எதையும் வாங்கமாட்டாள். அதனால் எனக்கு அவள்மேல் கொஞ்சம் கடுப்பும் உண்டு.

அவள் புருஷன் வால்தோமீரு ஆற்றுப் படகுகளில் என்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். நாலு வருடமாக நினைவு கரைந்துகொண்டே வந்தது. முதலில் தெரு மறந்தது, பிறகு மகன் மறந்தான், பிறகு மனைவி முகம். மிச்சம் இருந்தது மூக்கு மட்டும்தான். கொக்கியில் ஊஞ்சலாகக் கட்டிய அவருடைய துணிப் படுக்கைக்குப் பக்கத்தில் லூசிதேயா போய்க் குனிவாள். அவர் அவள் கழுத்தை முகர்ந்து பார்ப்பார். "தேயாவா?" என்று கேட்டு, நகர்ந்து இடம் கொடுத்து, வாயைத் திறப்பார். அவள் ஊட்டுவாள். வேறு யார் கையாலும் ஒரு வாய் வாங்கமாட்டார். திருடி வந்துவிட்டாள் என்று கத்துவார். என்மேல் ஒரு நாள் கோப்பையையே எறிந்தார்.

அப்படிப்பட்ட நேரத்தில் வெலூதாவைக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான். எனக்கு முன்கூட்டியே தெரியும். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய கடைசி பாட்டில் ஜனவரியில் தீர்ந்தது. அன்று ராத்திரியே அவர் சாப்பிடவில்லை.

மாற்று தேடினோம். நான் கேட்டலாக்கில் இருக்கும் கஸ்தூரி எல்லாவற்றையும் கொண்டுபோனேன். குழந்தைப் பவுடர் வாசனை உள்ள ஒன்றைப் பூசிக்கொண்டு போனாள். அவர் அவளை நர்ஸ் என்றார். வெனிலா கலந்ததைப் பூசினாள், கேக் எங்கே என்று கேட்டார். பெரிய பிராண்டுகளின் நகல் விற்கும் ஒருவன் அச்சு அசல் என்று சத்தியம் செய்து ஒன்று கொடுத்தான். அதை முகர்ந்துவிட்டு, பஸ் நிலையத்துக் கழிவறையிலிருந்தா வருகிறாய் என்று கேட்டார். சந்தையில் மூலிகைக்காரி வேரும் கொட்டையும் இடித்து ஒரு தைலம் செய்து கொடுத்தாள். ஏழு தும்மல் தும்மினார். மொத்தம் பதினோரு மாற்று. பன்னிரண்டாம் நாள் அவர் கன்னம் உள்ளே போய்விட்டது. மூக்கில் குழாய் விட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லூசிதேயா ஓடிவந்தாள். கையில் ஒரு பாட்டில்.

வெலூதா. பழைய அச்சு. நடைபாதையில் பழைய சாமான் பரப்பி விற்கும் கிளெபரிடம் கிடைத்ததாம். முக்கால் பாட்டில் இருந்தது. லேபிள் பழுத்திருந்தது. மூடியின் விளிம்பில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. இந்த ஊர் ஈரத்தில் எல்லாமே பச்சை பிடிக்கும் என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பூசிக்கொண்டு போனாள். அவர் முகர்ந்தார். "தேயாவா?" என்றார். அன்று இரண்டு கிண்ணம் அசாயிப் பழக்கூழ் சாப்பிட்டார். லூசிதேயா என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன் என்றுதான் தெருவில் சொன்னேன். உண்மையில் அவள் தோளில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

முதலில் வெலூதாதான். சந்தேகமே இல்லை. கொஞ்ச நேரம் போனால் அடியிலிருந்து ஒன்று எழும்பியது. பூச்சாடியில் மூன்று வாரம் மாற்றாத தண்ணீர். மின்சாரம் போன குளிர்பெட்டியை நாலாம் நாள் திறந்தால் வருமே, அது.

"பழசாச்சுல்ல, கெட்டுப் போயிருக்கும்டி" என்றேன்.

"உனக்குப் பொறாமை. நீ விக்கலேன்னு" என்றாள்.

இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சென்ட் எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரியும். புளிக்கும், நிறம் மாறும். எறும்பு மொய்க்காது. இந்த பாட்டிலைச் சுற்றி எறும்பு. மூடியில் ஈ. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. அவள் சட்டைக் கழுத்தில் மஞ்சளாக ஒரு வளையம், எத்தனை துவைத்தும் போகவில்லை. இன்னொன்றும் இருந்தது. நாளுக்கு மூன்று தடவை அடித்தால் ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஐந்து வாரம் கழித்தும் முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது.

மார்ச் பதினான்கு. பென்ஷன் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து போட வேண்டும் என்று லூசிதேயா என்னைக் காவலுக்கு உட்காரச் சொன்னாள். மழைக்கு முன்னால் திரும்பிவிடுவேன் என்றாள். அவர் தூங்குகிறார், விழிக்கவேமாட்டார், சத்தம் மட்டும் போடாதே என்றாள். நான் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் கிளம்பியதும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். நீங்களாக இருந்தாலும் பார்த்திருப்பீர்கள். பாட்டில் மேல் தட்டில் இருந்தது. மூடி திறந்திருந்தது.

மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

2.40. மழை பிடித்தது. தகரக் கூரையில் அடித்துக் கொட்டியது.

2.43. வாசனை வந்தது. லூசிதேயா வந்துவிட்டாள் என்று எட்டிப் பார்த்தேன். இரும்புக் கதவு சத்தம் கேட்கவில்லை. வாசலில் யாரும் இல்லை.

2.45. சளப்... சளப்... ஈரக் கால் சிமெண்ட் தரையில் வைக்கும் சத்தம். குளியலறைப் பக்கமிருந்து வந்தது. குளியலறைக் கதவு வெளித் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

சளப்... என்னைத் தாண்டிப் போனது. வாசனையும் கூடவே. இந்தத் தடவை மேலே வெலூதா இல்லை. அடியில் இருந்தது மட்டும்தான்.

ஊஞ்சல் கொக்கி கிர்ர்க் என்றது.

வால்தோமீரு கண்ணைத் திறந்தார். சிரித்தார். சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டார்.

"வந்துட்டியா தேயா... வா."

அந்தப் பக்கம் துணி தாழ்ந்தது.

கனமாக. மெதுவாக. இடுப்பு அளவுக்கு ஒரு குழி. தோள் அளவுக்கு ஒரு குழி.

துணிக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சள் சொட்டு.

இன்னொன்று.

எழுந்திருக்கப் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.

அவர் வாயைத் திறந்தார்.

மென்றார்.

விழுங்கினார்.

திரும்பவும் திறந்தார்...

"நல்லா இருக்கு" என்றார்.

2.52. இரும்புக் கதவு கிரீச்சிட்டது. லூசிதேயா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். நனைந்திருந்தாள். காலையில் அடித்துக்கொண்ட வெலூதா அவள்மேல் இருந்தது. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

அவர் முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரும்மா நீ? என் பெண்சாதி எனக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா. குறுக்க வராத."

லூசிதேயா என்னைப் பார்த்தாள். நான் ஊஞ்சலின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்தாள்.

துணி மேலே எழும்பியது. பாரம் இறங்கிவிட்டது.

சளப்...

2.55. நான் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். திரும்பியபோது லூசிதேயா அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக, கொழகொழவென்று, ஊறிப்போன சோப்பு மாதிரி. உதட்டோரம் ஒரு முடி ஒட்டியிருந்தது. அவள் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. தொண்டைக்குள்ளிருந்து, ஒரு முழம் நீளத்துக்கு. லூசிதேயாவும் நானும் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டவர்கள்.

அந்த பாட்டில் எங்கிருந்து வந்தது என்று அன்றே கேட்கக் கிளம்பியிருக்கலாம். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்ததும் முதல் வேலையாக கிளெபரைப் பிடித்தேன். முதலில் மழுப்பினான். அவன் கடையில் திருட்டு வாட்ச் விற்பதைத் தெருவுக்கெல்லாம் சொல்வேன் என்றேன். இறங்கி வந்தான்.

"கல்லறையில குழி வெட்டுறவர் ஒருத்தர் பழைய சாமானோட ஒரு பையில போட்டுக் குடுத்தாரு அக்கா. எங்க எடுத்தாருன்னு நான் கேட்கல."

நான் அந்தக் குழி வெட்டுபவரையே தேடிப் போய்க் கேட்டேன். எந்தக் கல்லறைத் தோட்டம், எந்த ஆள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் வாடகைக் குழிதான். மூன்று வருடம் முடிந்தால் தோண்டி, எலும்பைப் பெட்டியில் போட்டு, அடுத்த ஆளுக்கு இடம் விட வேண்டும். அப்படித் தோண்டிய ஒரு பெண்மணியின் விரல்களுக்கு நடுவில் அந்த பாட்டில் இருந்ததாம். அவள் பெயர் ஒர்லாந்தினா. எலும்பை எடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் சிகரெட்டைக் காலால் நசுக்கினார்.

"எடுக்க முடியல. ஈர மண்ணு. உடம்பு கரையவே இல்ல, சோப்பாட்டம் ஆயிருந்துச்சு. முடி மட்டும் இடுப்பு வரைக்கும் அப்படியே. திரும்ப மூடிட்டோம். பாட்டில மட்டும் எடுத்துக்கிட்டேன்."

கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டில் அவள் மகளின் தொலைபேசி எண் இருந்தது. சுவெலி என்று பெயர். சென்ட் விற்கிற பெண் பேசுகிறேன், உங்கள் அம்மா என்ன சென்ட் போடுவார் என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் அம்மாவைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள். வெலூதாதான், சவப்பெட்டியிலும் கையில் வைத்துத்தான் அனுப்பினோம் என்றாள்.

"முக்கால் பாட்டில் இருந்ததா?"

"முக்கால் பாட்டிலா? ஆஸ்பத்திரியிலயே கடைசிச் சொட்டு வரைக்கும் அவங்களே போட்டுத் தீர்த்துட்டாங்க. காலி பாட்டிலத்தான் வெச்சோம்."

போனை வைத்தேன். அந்த முக்கால் பாட்டிலில் இருந்தது என்ன என்று அதற்குமேல் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஐந்து வாரம் அவள் கழுத்தில் பூசியது, அவர் முகர்ந்தது, நான் தோளில் மூக்கை வைத்தது...

நேராக லூசிதேயா வீட்டுக்குப் போனேன். நடந்ததற்குப் பிறகு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அவளும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. கதவருகே வந்தாள். கையில் வழித்துத் துடைத்த கிண்ணம். மெலிந்திருந்தாள். முகத்தில் மட்டும் ஒரு தெளிவு.

"அந்த பாட்டில்..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கே கால்வாய்ல போட்டுட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. பிறகு கிண்ணத்தைப் பார்த்தேன்.

"சாப்பிடுறாரா?"

"மூணு வேளையும். என் கையாலதான். தேயா தேயான்னு விடவே மாட்டேங்கிறார்."

"என்ன சென்ட் போடுற?"

அவள் கம்பிக்கு நடுவில் மணிக்கட்டை நீட்டினாள். நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. கதவுக்கு வெளியிலேயே வந்துவிட்டது, மேலே எந்தப் பூச்சும் இல்லாமல், அடியில் இருந்த அந்த நாற்றம் மட்டும் தனியாக. அவள் கழுத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"எதுவும் போடல ஜுரேமா. தானா வருது. குளிச்சா போயிடுமோன்னு ஒன்பது நாளா தண்ணிகூட ஊத்திக்கல."

நான் தெரிந்துகொண்டு வந்தது எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. உள்ளேயிருந்து அவர் தெளிவான குரலில் மனைவியைக் கூப்பிட்டார். லூசிதேயா என்னிடம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கல்யாணப் பெண் மாதிரி உள்ளே ஓடினாள்.

என் வாழ்க்கையில் நான் வாய்விட்டு யாரிடமும் சொல்லாமல் விழுங்கிய ஒரே சேதி இதுதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.