அண்ணனின் நடை

எழுபதுகளின் கடைசியில் நான் செங்கல்பட்டில் தட்டச்சு படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பழக்கமான கல்லூரி ஆசிரியை ஒருவர் எங்கள் ஆறு பேரைச் சேர்த்து ஒரு நாடகம் போட்டார். மேடை, டிக்கெட், மைக் எதுவும் கிடையாது. ஊர் நடுவே வட்டமாக இடம் பிடித்து, தகர டின்னைத் தட்டிக் கூட்டம் சேர்ப்போம். லாஞ்சு என்கிற விசைப்படகுகளின் இழுவை வலை கடலடியை வழித்துக்கொண்டு போவதும், மீன் குஞ்சுகள் அழிவதும், கட்டுமரக்காரர்கள் வெறுங்கையோடு திரும்புவதும்தான் கதை.

எனக்கு லாஞ்சு ஓட்டுகிறவன் வேஷம். ஆறு பேரில் நான் ஒருத்திதான் மீனவக் குப்பத்துப் பெண். அதோடு என் அண்ணன் மெட்ராஸ் காசிமேட்டில் லாஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தான். லுங்கியை மடித்துக் கட்டி, இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து, அவன் நடப்பதுபோலவே நடந்தேன். பேசுவதற்கு முன் துண்டால் பிடரியைத் துடைத்துக்கொள்வான், அதையும் செய்தேன். செங்கல்பட்டிலும் அச்சரப்பாக்கத்திலும் நல்ல சிரிப்பு. அங்கே அவனை யாருக்கும் தெரியாது.

பிறகு ஆசிரியை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்திலேயே அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்றார். தலையாட்டிவிட்டேன். அந்த வாரம் தட்டச்சில் ஒரே வரியை நாலு தடவை தப்பாக அடித்தேன். அண்ணன் அன்றைக்கு ஊருக்கு வருவானா என்று அம்மாவிடம் கேட்டு அனுப்பலாம், எதற்கென்று கேட்டால்?

வந்திருந்தான். சாயங்காலம் நாலு மணி வெயிலில், இரண்டாவது வரிசையில் குந்தியிருந்தான். நடையை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். கால் கேட்கவில்லை; பழகின நடைதான் வந்தது.

துண்டால் பிடரியைத் துடைத்ததும் யாரோ கத்தினார்கள்: “டேய், இது நம்ம லாஞ்சுக்காரன்டா!” சிரிப்பு வட்டம் முழுக்கப் பரவி, திடீரென்று நின்றது. கட்டுமரக்காரர் ஒருவர் எழுந்தார்.

“உன் லாஞ்சு என் வலைய அறுத்துக்கினு போச்சே, இன்னா பதில் சொல்றே?”

அவர் கேட்டது என்னையல்ல. ஈர மணலை அள்ளி அண்ணன் மார்பில் எறிந்தார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். நான் வேஷத்தோடு ஓடி அண்ணன் முன்னால் நின்றேன்.

“அண்ணன் கூலிக்கு ஓட்டுது! லாஞ்சு அதோடதா?”

நாடகத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. ஆசிரியை ஓடி வந்து எல்லாரையும் கும்பிட்டார். கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

அண்ணன் சட்டையை உதறிவிட்டு பஸ் ஏற நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

“நாங்க பொய் ஒண்ணும் சொல்லலியே, ண்ணா.”

“பொய்யின்னு யாரு சொன்னா? வலைய கொட்னா பாதி குஞ்சுதான் கீது. தெனம் நான்தான வாரி வெளிய போட்றேன்.” துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டான். “அதச் சொல்லு. என்ன மாதிரி நடந்து காட்னியே, அது எதுக்கு? மொதலாளி மாதிரி நடக்கறதுதான?”

முதலாளியை நான் பார்த்ததே இல்லை என்றேன்.

“நானே ரெண்டு தபாதான் பாத்துக்கீறேன்,” என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்துக் கோவளத்தில் போட்டபோது முதலாளி வேஷம் ஒன்றைச் சேர்த்தோம். நான் அந்த நடையை விட்டுவிட்டேன். ஆனால் குஞ்சுகளை வாரிப் போடுவதாக அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்து வசனமாகப் பேசினேன். அதற்கும் அவனைக் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மா, “எம்புள்ளயும் லாஞ்சுலதாம்மா போவுது,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அண்ணன் மேலும் பல வருஷம் லாஞ்சு ஓட்டினான். தீபாவளிக்கு வருவான், எனக்குப் புடவை கொண்டு வருவான். நாடகத்தைப் பற்றி இருவரும் பேசியதில்லை. நானாக ஆரம்பிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அதற்குள் அவன் கிளம்பிவிடுவான்.