கதவக்கா

கதவக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரவுட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதைப் போல. சூடு ஆறும்வரை பொறுத்திருந்து மறுபடி செருகுகிறார். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கின்றன. "எழுந்திரு ராசா. இன்னிக்காவது என் பேச்சுக்கு ஒரு மதிப்பு குடு" என்கிறார். ரவுட்டர் கொடுப்பதாக இல்லை. "சரி, உன் குணம் இதுதான்னா நான்தானே அனுசரிச்சுப் போகணும்" என்று கணினிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

எங்கள் அலுவலகத்தின் பின்னறை இது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் இரும்பு அலமாரி, அலமாரியெல்லாம் ரவுட்டர்கள். கொம்பு முளைத்தவை, கொம்பு முறிந்தவை, வெயிலில் மஞ்சளித்தவை, யார் வீட்டுக் குழந்தையோ பூனைப் படம் ஒட்டியவை. பழைய சாமான் கடையிலிருந்து சில, உறவுக்காரர்களிடம் கேட்டு வாங்கியவை பல. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அடுத்த கேள்வி, "உங்க பழைய ரவுட்டரை என்ன பண்ணீங்க?"

நாங்கள் செய்து விற்பது கையகலப் பெட்டி ஒன்று. குடும்பத்துப் படங்கள், வீடியோக்கள், பத்திரங்கள் எல்லாம் அதற்குள், வீட்டுக்குள்ளேயே இருக்கும். வெளியூரில் இருக்கும் மகள் தன் போனிலிருந்து அதைப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ரவுட்டர் ஒரு வாசல் காவலாளி. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து அழைக்காமல் வருபவரை அது திருப்பி அனுப்பிவிடும். மகளை உள்ளே விட வேண்டுமானால் போர்ட் என்கிற சின்னக் கதவு ஒன்றை அதில் திறந்துவைக்க வேண்டும். முன்பெல்லாம் வீட்டுக்காரரே ரவுட்டரின் அமைப்புகளுக்குள் புகுந்து எண்களைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பாதிப் பேர் அந்தக் கட்டத்திலேயே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போது பெட்டியே ரவுட்டரிடம் "இந்தக் கதவைத் திற" என்று கேட்டுவிடுகிறது. ரவுட்டரும் திறக்கிறது. அப்படிக் கேட்கிற நிரலை எழுதியவர் இவர். அதனால் கதவக்கா.

நான் பெட்டியோடு வரும் கையேட்டை எழுதுகிறவன். அவர் வேலையை நன்றாகச் செய்யச் செய்ய என் கையேடு இளைத்துக்கொண்டே போகிறது. எனக்கு அவர் வைத்திருக்கும் பெயரே 'கையேடு'தான். "வா கையேடு, உனக்கு இன்னொரு பக்கம் மிச்சம் பண்ணிட்டேன்."

எல்லா ரவுட்டரும் கேட்டதும் திறந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதற்காகத்தான் இந்த அலமாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், குணத்துக்கேற்ற உறவுமுறை. மேல்தட்டில் இருப்பது பெரிய மாமனார். கேட்டால் பதில் வரும், ஆனால் நாம் கேட்டதையே மறந்துபோன பிறகு வரும். பக்கத்தில் சம்பந்தி. "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லும், ஒன்றும் ஆகாது. நடுத்தட்டில் ஒரே கம்பெனியின் இரண்டு ரவுட்டர்கள், ஓரகத்திகள். ஒன்றிடம் கேட்டால் மற்றொன்று முறுக்கிக்கொள்ளும். கீழே கடைக்குட்டி, யார் எதைக் கேட்டாலும் வாரி வழங்கும். "இதுதான் என் வயித்துல புளியக் கரைக்குது" என்பார்.

வாடிக்கையாளரோடு போனில் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அப்போதுதான் அவர்கள் வீடு தெரியுமாம். "ரவுட்டர் டிவிக்குப் பின்னாடி இருக்கா? மேல ஒரு துணி போட்டு மூடி வச்சிருக்கீங்களா?" எதிர்முனை அசந்துபோகும். "எப்படிம்மா தெரிஞ்சுது?" போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்வார்: "எல்லா வீட்லயும்தான் துணி போட்டு வச்சிருக்காங்க."

அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் கதவுதான் பொழப்பு. ஆனா என் கதவு ரோஷக்காரக் கதவு. லிஃப்ட் வந்து நிக்காம அது திறக்கக் கூடாது. திறந்தா அதுக்குப் பேரு வசதி இல்ல, குழி." கதவக்கா கையில் எடுத்த கவளத்தை வாயில் போடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அந்தப் பேச்சு எங்கே போய்த் தைத்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு பெண்மணி எங்கள் உதவி எண்ணுக்குப் பேசினார். பேச வராத, பேசத் தயங்குகிற குழந்தைகளுக்குத் தன் வீட்டிலேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர். எங்கள் பெட்டியில் விசிறி கெட்டுப்போய், பழுதுபார்க்க எங்களிடம் அனுப்பியிருந்தார். அதுவரைக்கும் ஆகட்டுமே என்று வேறொரு கம்பெனியின் பெட்டியை வாங்கி மாட்டி, குழந்தைகளின் குரல் பதிவுகளை அதில் போட்டுவைத்தார். வீட்டுக்குள் இருப்பதுதானே என்று கடவுச்சொல் போடவில்லை. அன்று பகலில் அவர் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, புதுப் பெட்டியின் சின்னத் திரையில் 'விருந்தினர் ஒருவர் இணைந்துள்ளார்' என்று எழுத்து ஓடியிருக்கிறது. பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

அந்தக் கம்பெனி தங்கள் தவறில்லை என்றது. நாங்களும் அதையே சொன்னோம். எங்கள் பெட்டி எங்கள் மேசையில் வயிறு பிளந்து கிடக்கிறது, அது எப்படி அவர் வீட்டுக் கதவைத் திறக்கும்? உதவிப் பிரிவில் இதைச் சிரிப்பாகப் பேசிக்கொண்டார்கள். நானும் ஒரு வேடிக்கையாகத்தான் கதவக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "அட்ரஸ் வாங்கிட்டு வா."

டீச்சரின் முன்னறையில் நாற்காலிகள் எல்லாம் குட்டிக் குட்டியாக இருந்தன. சுவரில் குழந்தைகளின் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. ஊதிப் பழகுவதற்காக ஒரு கிண்ணம் நிறையப் பறவை இறகுகள். கதவக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து ரவுட்டருக்குள் நுழைந்தார். திறந்திருக்கும் கதவுகளின் வரிசையில் ஒரே ஒரு வரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திரையை டீச்சர் பக்கம் திருப்பினார்.

"இதுல எழுதியிருக்கிற பேரு தெரியுதா டீச்சர்?"

"உங்க கம்பெனி பேரு."

"ஆமா. இது எங்க கதவு. பெட்டிய அனுப்பறதுக்கு முன்னாடி போன்ல 'பகிர்வை நிறுத்து'ன்னு அழுத்துனீங்களா?"

"அழுத்துனேன். நின்னுடுச்சுன்னு சொல்லிச்சே."

"சொல்லும். பெட்டி மூடுன்னு சொல்லியிருக்கு, ரவுட்டர் மூடிட்டேன்னு சொல்லியிருக்கு. ஆனா மூடல. எங்க பெட்டி இருந்த இடத்துக்கு உங்க புதுப் பெட்டி குடி வந்திருச்சு, வீட்டுக்குள்ள எங்க பெட்டிக்குக் குடுத்திருந்த அதே எண்ணை ரவுட்டர் அதுக்குக் குடுத்திருச்சு. வாசல் திறந்தபடியே கிடந்திருக்கு. மூடுச்சான்னு பெட்டி திரும்பிப் பாத்திருக்கணும். பாக்கச் சொல்லி நான் எழுதல."

சொல்லிக்கொண்டே கதவை மூடினார். மூடியதோடு விடாமல், தன் போனை வீட்டு இணைப்பிலிருந்து பிரித்து, வெளியாளைப் போல அதே கதவைத் தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார்.

பிறகு புதுப் பெட்டியைத் தனியே தன் கணினியோடு இணைத்து, யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று பார்த்தார். யாரோ வந்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர்களை மேய்ந்துவிட்டு, சில பதிவுகளைத் திறந்து கேட்டிருக்கிறார்கள். டீச்சர் ஒரு குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வெளிய ஒரு வார்த்தை பேசாத பிள்ளைங்க மேடம். பள்ளிக்கூடத்துல பேசாதுங்க, சொந்தக்காரங்க வந்தா பேசாதுங்க. இந்த ரூம்ல மட்டும்தான் வாயத் திறக்கும். அத எவனோ உக்காந்து கேட்டிருக்கான்." கிண்ணத்திலிருந்த ஓர் இறகை எடுத்து விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "பெத்தவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நடந்தத அப்படியே சொல்லுங்க. சொல்ற அன்னிக்கு நானும் வர்றேன்."

திரும்பி வரும்போது பேருந்தில், இறங்குகிற நிறுத்தத்தில் கதவக்கா சொன்னார்: "மூடிட்டேன்னு சொன்னதும் நம்பிட்டேன் பாரு, கையேடு."

அந்த ரவுட்டரைப் போலவே ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து அலமாரியில் வைத்தார். சோதித்துப் பார்த்ததில் அதே கதைதான். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். "திறன்னா உடனே திறக்குது. மூடுன்னா தலைய ஆட்டுது. மூடினியான்னு மாப்பிள்ளைய யாரு நிக்க வச்சுக் கேக்கறது?" மற்ற பெயர்களைச் சொல்லும்போது வருகிற சிரிப்பு இதற்கு வரவில்லை.

நிர்வாகியின் அறையில் நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஒற்றை அறையில் தொடங்கி இந்த நிறுவனத்தை வளர்த்தவர். அந்த வாரம் புதுப் பதிப்பு வெளிவர இருந்தது. கதவக்கா சொன்னவை எல்லாம் அதைத் தள்ளிப்போடுகிற காரியங்கள். கதவைத் திறக்கும் முன் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். திறந்த கதவுக்குக் கொஞ்ச நேரமே ஆயுள். "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று பெட்டி சொல்லிக்கொண்டே இருந்தால்தான் நீட்டிக்க வேண்டும். மூடிய பிறகு வெளியிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். ஆயுளே வைக்கத் தெரியாத ரவுட்டராக இருந்தால் கதவே கேட்கக் கூடாது.

"ஒவ்வொண்ணுக்கும் கேட்டா ஜனங்க பயந்துடுவாங்கம்மா" என்றார் நிர்வாகி. "மாட்டினா போதும், தானா வேலை செய்யும். அது ஒண்ணுதான் நம்ம பெருமை."

"எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் வேலை பாக்கறவர் சார். லிஃப்ட் வராம கதவு மட்டும் தானா திறந்தா அதுக்குப் பேரு வசதி இல்ல, குழிங்கிறார். நம்ம பெட்டிய எடுத்துட்டுப் போன பிறகும் நம்ம கதவு திறந்து கிடந்துச்சு. அந்தக் குழியில விழுந்தது பேச்சு வராத பிள்ளைங்க."

நிர்வாகி பேனாவை மூடித் திறந்து மூடினார். முடிவில் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். இருக்கிற வாடிக்கையாளர் எல்லாருக்கும் தகவல் அனுப்பவும் ஒப்புக்கொண்டார். கதவக்கா எழுந்தபோது மட்டும், "அந்த வீட்டுக்குப் போறீங்களாமே. போங்க. வருத்தப்படறோம்னு சொல்லுங்க. தப்பு நம்மதுன்னு மட்டும் உங்க வாயால சொல்லிடாதீங்க" என்றார். கதவக்கா நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு வந்தார்.

தகவலை எழுதும் வேலை என்னுடையது. "எமது சாதனத்தில் சிறு குறைபாடு ஒன்று கண்டறியப்பட்டுள்ளது" என்று தொடங்கியிருந்தேன். படித்துப் பார்த்த கதவக்கா, அந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார்: "நாங்கள் திறந்த கதவை நாங்கள் மூடவில்லை." என் பிழைப்பில் நான் இவ்வளவு சின்ன வாக்கியத்தை எழுதியதே இல்லை. மாப்பிள்ளை ரவுட்டர் இருக்கிற வீடுகளுக்கு அவரே போன் செய்தார், கண்ணை மூடிக்கொண்டு. ஒருவர் அவரைப் பிடித்து வறுத்தெடுத்தார். எனக்கே காது கூசியது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் கதவக்கா கேட்டார்: "நீங்க சொன்னது நியாயம் சார். இப்ப மூடிடலாமா?" சிலர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் வைத்துக்கொண்டார்கள்.

டீச்சரின் வகுப்பு இன்றும் நடக்கிறது. ஒரு குடும்பம் மட்டும் பிள்ளையை நிறுத்திவிட்டது. பெற்றோர் எல்லாரும் கூடிய அந்தச் சனிக்கிழமைக் காலையை எழுதாமல் இந்தச் சித்திரத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

பெரிய நாற்காலிகள் போதவில்லை. பெற்றோர் பலர் முழங்கால் மோவாயை இடிக்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் உள்ளறையில் இருந்தார்கள்; சத்தமே இல்லை. டீச்சர் நின்றபடி நடந்ததைச் சொன்னார். எந்தெந்தப் பிள்ளையின் பதிவுகள் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டார். கதவக்கா சுவரோரம், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

கனத்த உடம்புக்காரர் ஒருவர் எழுந்தார். அவர் மகள் அந்த அறையில்தான் முதன்முதலாக அப்பா என்று சொன்னவள் என்று டீச்சர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"எங்க பிள்ள சத்தத்த நாங்களே மாசக்கணக்கா ஏங்கிக் காத்திருந்து கேட்டோம்" என்றார். "அத ஊர் பேர் தெரியாத ஒருத்தன் கேட்டிருக்கான். யாருங்க கதவத் திறந்து விட்டது?"

"அது வந்து சார்... அந்தக் கருவி இருக்கே, அது தானாவே..." என்றார் டீச்சர்.

"தானா எதுங்க திறக்கும்? யாராச்சும் திறந்தாத்தானே திறக்கும். யாரு?"

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையைப் போல, கதவக்கா கையை உயர்த்தினார்.